ரூன் எழுத்துக்கள்

ஊர் விட்டு ஊர் வந்து வாழ்பவர்க்குத் தாய்மொழியின் எழுத்தைக் கண்ணாற் காண்பதே ஓர் ஆறுதல். இதனை உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியாவின் மேல்மாடத்தில், பளிங்குக் கைப்பிடிச் சுவர் ஒன்றில் சில கீறல்கள் உள்ளன. தேய்ந்துபோன அவ்வரியில் தெளிவாகத் தெரிவது 'ஹால்ஃப்தான்' என்னும் பெயர் ஒன்றே. பைசாந்தியப் பேரரசரிடம் படைத்தொழில் புரிய ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தோருள் இவனும் ஒருவன் என்று கருதுவர். கிரேக்கம் வழங்கிய நகரில் அவன் தன் பெயரைத் தன் ஊர் எழுத்திலேயே பொறித்தான். அவ்வெழுத்துக்கே ரூன் என்று பெயர்.

ரூன்கள், பண்டை ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்களின் எழுத்துக்கள். டென்மார்க்கின் வீமோசே சதுப்பு நிலத்தில் கிடைத்த சீப்பு ஒன்றில், ஏறத்தாழக் கி.பி. 160ஆம் ஆண்டில் எழுதிய 'ஹர்யா' என்னும் ரூன் சொல் உளது. தொன்மையான வரிசையில் எழுத்துக்கள் 24. முதல் ஆறின் ஒலிகளைச் சேர்த்து அவ்வரிசையை 'ஃபுதார்க்' என்பர். பிற்காலத்தில் ஸ்காண்டிநேவியாவில் அவை 16 ஆகக் குறைந்தன. மரத்திற் செதுக்குங்கால் படுக்கைக் கோடு மரத்தின் இழையோடு கலந்து மறையுமாதலின், நேர்கோடும் சாய்கோடுமே கொண்டு அவற்றை அமைத்தனர் என்பர்.

ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளுடைய பெயர் உண்டு. முதலெழுத்தின் பெயர் 'ஃபே'. அதற்குக் கால்நடை என்றும் செல்வம் என்றும் பொருள். தமிழிலும் 'மாடு' என்னும் சொல் இவ்விரு பொருளையும் தருமன்றோ!

'ரூன்' என்னும் சொல்லுக்கு மறைபொருள் என்று பொருள். இதனால் இவ்வெழுத்துக்களை மந்திரமென்றே பலர் எண்ணுகின்றனர். காப்பும் சாபமும் சில கற்களில் இருப்பது மெய்யே. ஆயினும் சுவீடனில் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரூன் கற்களுட் பெரும்பாலானவை, தந்தைக்கு மகனும் கணவனுக்கு மனைவியும் நாட்டிய நினைவுக் கற்களே.

1955ஆம் ஆண்டில் நார்வேயின் பேர்கன் துறைமுகத்தில் ஒரு தீ விபத்து நேர்ந்தது. அதன்பின் நிகழ்ந்த அகழ்வாய்வில் இடைக்காலத்து ரூன் குச்சிகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. சரக்குக்கு உரியவர் பெயர், வாணிகக் கடிதம், காதற் செய்தி ஆகிய யாவும் அவற்றில் உள்ளன. ஒரு குச்சியின் செய்தி, கியூதா என்னும் பெண் ஒருவனை வீடு திரும்பச் சொல்கிறாள் என்பதே. இதில் மந்திரம் ஏது?

கிறிஸ்தவ சமயத்தோடு வந்த லத்தீன் எழுத்து காலப்போக்கில் ரூன்களின் இடத்தைப் பெற்றது. சுவீடனின் தாலர்னாப் பகுதியில் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவை ஓரளவு வழங்கின. அன்றாட வழக்கொழிந்த எழுத்துக்கு எவரும் தம் மனம்போல் பொருள் கூறலாயிற்று. வியன்னாவைச் சேர்ந்த குய்டோ ஃபான் லிஸ்ட் 1908இல் தாமே வகுத்த 18 ரூன்களைப் பழைய மறைஞானமென வெளியிட்டார். பின்னர் ஹிட்லரின் எஸ்.எஸ். படை ரூன் வடிவத்தையே தன் சின்னமாக்கிக்கொண்டது. தந்தையை நினைந்து மகன் பொறித்த எழுத்து, கொலைஞரின் சட்டைக் கழுத்திலும் ஏறியது.

எழுத்தின் பெருமை அதன் மறைபொருளில் இல்லை. வீட்டுக்கு வா என்று எழுத அது பயன்படுவதில் இருக்கிறது. அயல் மாநிலத்தில் வளரும் நம் குழந்தை, பாட்டிக்கு இரண்டு வரி தமிழில் எழுதுமாயின், அவ்வெழுத்து வாழும்.