வெந்நீரும் விருந்தும்

யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்படும் ஒருவனைப் பார்த்து, "கவனமாகப் போய்வா, பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்" என்று வீட்டார் வேடிக்கையாகச் சொல்வது நெடுநாளைய வழக்கம். அது மந்திரத்தின் வேலை என்று மெய்யாகவே நம்பியவர்களும் உண்டு. வந்தவனுக்குப் பாய் விரித்து, எருமைத் தயிரும் சோறுமிட்டு, 'இன்றைக்கே போகவேண்டுமா?' என்று கேட்கும் வாவிக்கரை மக்களின் விருந்தோம்பலைத் தவிர அதில் வேறு மந்திரம் இல்லை என்பது மட்டக்களப்பாரின் மறுமொழி.

பாயோடு ஒட்டவைக்கும் வித்தையை ஒரு தொழிலாகவே வளர்த்த நாடு யப்பான். அங்கே வெந்நீரூற்றுக்கு அருகில் கட்டப்பட்ட பழைய விடுதிகளுக்கு 'ரியோகான்' என்று பெயர். வாயிலில் காலணியைக் கழற்ற வேண்டும். உள்ளே கட்டில் இல்லை. கோரையால் இழைத்த தடித்த பாய்களே தளம். 'யுகாதா' என்னும் பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு விருந்தினர் நீராடப் போவர். தொட்டியில் இறங்குமுன் வெளியே அமர்ந்து உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்வது கட்டாயம். தொட்டி நீர் எல்லார்க்கும் பொது. நீராடித் திரும்பினால் இரவு உணவு காத்திருக்கும். உணவு முடிந்தபின் அதே பாயின்மேல் மெத்தையை விரித்துவிடுவார்கள்.

இவ்விடுதிகளின் வயது கேட்போரைத் திகைக்க வைக்கும். யமனாசி மாவட்டத்து மலையிடுக்கில் உள்ள கெயுன்கான் 705ஆம் ஆண்டில் தோன்றியது என்பர். உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் ஏடு அதனை 2011இல் ஏற்றது. இசிகாவா மாவட்டத்து அவாசு ஊற்றில் உள்ள ஹோசி விடுதி 718இல் தொடங்கியது என்பது அக்குடும்பத்தார் கொண்டுள்ள மரபு. தைச்சோ என்னும் துறவி ஹக்குசான் மலைத் தெய்வத்தின் ஏவலால் அந்த ஊற்றைக் கண்டு, நோயாளர் தங்குவதற்கு விடுதி நடத்துமாறு தம் மாணவரைப் பணித்தார் என்பது கதை. நாற்பதுக்கு மேற்பட்ட தலைமுறைகளாகத் தலைவர் பட்டம் ஏற்பவர் 'சென்கோரோ' என்னும் ஒரே பெயரையே சூடி வருகிறார்.

இத்தனை தலைமுறையிலும் ஆண்பிள்ளை பிறக்காமலா இருந்திருக்கும் என்று நேயர்கள் வினவலாம். பிறக்காத காலமும் உண்டு. அப்போது மகளுக்கு மணமுடித்து, மருமகனையே மகனாக ஏற்றுக் குடும்பப் பெயரைக் கொடுத்து விடுதியை ஒப்படைப்பது யப்பானியர் வழக்கம். வாவிக்கரை மக்களுக்கு இது புரியாத செய்தியன்று. தாய்வழிக் குடிமுறை கொண்ட அவர்களிடையே வீடு மகளுக்குரியது; மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேர்கிறான். ஒரு வேறுபாடு உண்டு. மட்டக்களப்பு மாப்பிள்ளை தன் தாய்வழிக் குடியை விட்டுவிடுவதில்லை; யப்பானிய மாப்பிள்ளை பெயரையே மாற்றிக்கொள்கிறான்.

பாய் உண்டு, விருந்துண்டு. வெந்நீர் மட்டும் இங்கே இல்லையோ என்றால், அதுவும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வடக்கே செங்கலடிக்குச் சென்று, அங்கிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் மேற்கே திரும்பினால், கரடியனாறும் பெரிய புல்லுமலையும் கடந்து மகா ஓயா வரும். அங்குள்ள ஊற்றுக் கிணறுகளில் நீரின் வெப்பம் 50 பாகை செல்சியஸுக்கும் மேல். ஆறவைக்காமல் மேலில் ஊற்றிக்கொள்ள இயலாது. கரையோரமாக வடக்கே போனால் திருகோணமலைக்கு அண்மையில் கன்னியா. அங்கே சிறு சதுரக் கிணறுகள் ஏழு. ஒன்றின் சூடு மற்றதற்கில்லை. அவற்றில் யாரும் இறங்கி அமர்வதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதே முறை. யப்பானில் 1948இல் இயற்றப்பட்ட வெந்நீரூற்றுச் சட்டப்படி, ஊற்றுநீர் 25 பாகை இருந்தாலே போதும். அந்த அளவுகோலால் பார்த்தால் கன்னியாவும் மகா ஓயாவும் முதல் வரிசையில் நிற்கத் தக்கவை.

யப்பானில் நீரைச் சுடவைப்பது பெரும்பாலும் எரிமலை. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பழம்பாறைகளின் வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது; கீழே செல்லச் செல்லப் பாறையின் சூடு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 பாகை கூடிக்கொண்டே போகிறது; அந்தச் சூட்டை வாங்கிய நீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலேறி வருகிறது. யப்பானிய நிலத்தின் வெப்பத்துக்கு விலையும் உண்டு. 2024 சனவரி முதல் நாள் நோட்டோ நிலநடுக்கத்தில், அதே இசிகாவா மாவட்டத்து வாக்குரா ஊற்றின் விடுதிகள் பெருஞ்சேதமுற்று மூடப்பட்டன. 2004 மார்கழியில் கல்லடியும் நாவலடியும் கடலுக்குக் கொடுத்ததை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நீரும் இருந்தது, பாயும் இருந்தது; பின் ஏன் இவ்வூற்றுகளின் கரையில் ஒரு ஹோசி எழவில்லை? தங்குமிடம் கட்டத் தெரியாமலன்று. யாத்திரிகர்க்கு மடங்கள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் பெருவீதிகளெங்கும் வாடிவீடுகள் எழுந்தன. மீனவர் பருவத்துக்குப் பருவம் கடற்கரையில் இடும் குடிலுக்கு 'வாடி' என்று பெயர். அதிகாரிகள் இரவு தங்கும் வீட்டுக்கும் அச்சொல்லே அமைந்தது பொருத்தமானதுதான். வாடிவீடு அதிகாரியின் பயண வழியைப் பார்த்து இடம் கொண்டது, ஊற்றைப் பார்த்தன்று.

காரணம் நீருக்கு மக்கள் தந்த பொருளில் இருக்கலாம். யப்பானியன் ஊற்றுக்குப் போனது உயிரோடிருக்கும் தன் உடம்புக்காக. ஏழு நாள் ஒரு சுற்று, மூன்று சுற்று தங்கினால் நோய் தீரும் என்பது அவர்களது பழைய கணக்கு. தமிழன் கன்னியாவுக்குப் போனது இறந்தவர்க்காக. தாயின் கடன் கழிக்க இராவணன் வாளால் நிலத்தைக் குத்தி எழுப்பிய ஊற்று என்பது அவ்விடத்துக் கதை. 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அங்கே செல்வது கிழக்கிலங்கைச் சைவர் பலரின் வழக்கம். கடன் கழிக்கப் போன இடத்தில் விருந்துண்டு தங்க யாருக்கு மனம் வரும்?

அந்த நீர் இன்று அமைதியாகவும் இல்லை. போர்க்காலத்தில் கிழக்கின் வீதிகளில் பயணம் செய்வதே அரிதாயிற்று. போர் முடிந்தபின் கன்னியா தொல்பொருட் காப்பிடமாக நிருவகிக்கப்பட்டது. அங்குள்ள பிள்ளையார் கோயில் நிலம் பற்றிய பிணக்கு 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றம் வரை சென்றது. ஹோசி விடுதியின் ஊற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். கன்னியாவில் அக்கேள்விக்கு ஒருவர் சொல்லும் விடையை மற்றவர் ஏற்பதில்லை.

ஆயினும் மக்கள் வருகிறார்கள். தந்தையை இழந்த மகன் ஈர வேட்டியோடு கிணறு கிணறாகப் போகிறான். ஒவ்வொன்றிலும் வாளி நீரை முகந்து தலையில் ஊற்றிக்கொள்கிறான். உடன் வந்த பெரியவர் நேரத்தைப் பார்த்து அவசரப்படுத்துகிறார். மட்டக்களப்புக்கு வழி நீளம். இருட்டுமுன் வீடு சேரவேண்டும்.