சுவருக்கு மரச் சட்டை
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ கட்டட வேலை பார்க்கிறவன்தானே, எல்லோருக்கும் உதவுற மாதிரி ஏதாவது சொல்லுப்பா" என்றார் செயலாளர். நம் வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ஹால் சுவர்ல கீழே மூணு அடிக்குப் பலகை அடிச்சிடலாமா?" அதைப் பற்றியே பேசுகிறேன்.

சுவரின் கீழ்ப்பாதிக்கு மரம் போர்த்துவது குளிர் நாட்டுப் பழக்கம். சுவரின் சில்லிப்பு தெரியாமல் இருக்கவும், நாற்காலி உரசிப் பூச்சு பெயராமல் இருக்கவும் அங்கே அப்படிச் செய்தார்கள். நம் ஊரில் பலகை தேடுவதற்குக் காரணம் வேறு. அதன் பெயர் ஓதம்.

ராயபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே நம் கரை அரித்துக்கொண்டு போனது. கடல் வீட்டுக்குக் கிட்டே வந்துவிட்டது. செங்கல், விளக்குத் திரி மாதிரி, தரையின் உப்பு நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். நீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பூச்சை உள்ளேயிருந்து தள்ளி உதிர்க்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீட்டுக்குள் வந்து, சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அதை மறைக்க யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் ஈரச் சுவரில் பலகையை ஒட்டினால் காற்றுப் போக வழியில்லை. பின்னால் பூஞ்சை பிடிக்கும். கரையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். அந்த அறையில் இழுப்பு உள்ள பெரியவரோ கைக்குழந்தையோ படுத்திருந்தால் பாதிப்பு அவர்களுக்குத்தான். வாயைக் கட்டிச் சேர்த்த காசும் போச்சு.

ஆகவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, பலகையை மறந்துவிடுங்கள். உதிரும் சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கலைக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். அது சுவரை மூச்சுவிட வைக்கும். ஒழுகும் குழாயையும் மழைநீர் தேங்கும் இடத்தையும் கூடவே சரிசெய்யுங்கள்.

சுவர் காய்ந்துவிட்டது என்றால் தாராளமாகப் பலகை அடிக்கலாம். மருந்தடித்த ரீப்பர் சட்டங்களைச் செங்குத்தாக அடித்து, சுவருக்கும் பலகைக்கும் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். காற்று ஓட மேலேயும் கீழேயும் சிறு சந்து வேண்டும். பலகை தரையைத் தொடக்கூடாது. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து மரைன் ரகம் வாங்குங்கள். அடிக்கும் முன் இரண்டு வாரம் அதே அறையில் மரத்தைப் போட்டுவையுங்கள்; ஊதுவதும் சுருங்குவதும் அப்போதே அடங்கும். இரும்பு ஆணி நம் கடல் காற்றில் துருப்பிடித்துக் கறை விடும்; பித்தளைத் திருகாணி போடுங்கள். வார்னிஷைப் பலகையின் முதுகுக்கும் பூசச் சொல்லுங்கள். ஆசாரி, "பின்பக்கம் யாரு சார் பார்க்கப் போறாங்க?" என்பார். ஈரம் பார்க்கும் என்று சொல்லுங்கள்.

தம்பி, தங்கைகளே! உங்கள் தெருவில் பலகை அடிக்கப்போகும் வீடு ஏதாவது இருந்தால், ஆசாரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பாலிதீன் தாளோடு போய் நில்லுங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.