உலோகத்தின் மேல் ஒரு கோலம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்து வாலிபர் மேடையில் உலோகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். திருவிழாவுக்கு முதல் நாள் செப்புக் குடங்களைப் புளி போட்டுத் துலக்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். துலக்கிய செம்பு சில நாளில் மங்கிவிடும். ‘காற்றுப் பட்டுக் கறுத்தது’ என்கிறோம். அந்தக் காற்று அங்கே என்ன செய்கிறது என்பதே இன்றைய விஷயம்.

உலோகம் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்கு. உள்ளேயிருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் அயலவர் உண்டு. மேற்பரப்பிலுள்ள அணுவுக்கு மேலே யாருமில்லை. ஆதலால் வெளியிலிருந்து வரும் அணுவை அது பற்றிக்கொள்கிறது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். வந்த அணு சதுரங்கக் காய்போல அமர்கிறது, பலகை அசைவதில்லை என்றே ஆதியில் எண்ணினார்கள். அது முழு உண்மையன்று. செம்பின் ஒரு முகத்தில் ஒட்சிசன் வந்து அமர்ந்தால், படி விளிம்புகளிலிருந்து செப்பு அணுக்கள் பெயர்ந்து வந்து, ஒட்சிசனோடு மாறிமாறிக் கோத்த மாலைபோல நீண்ட வரிசைகளாகப் படுக்கின்றன. விருந்தாளி வந்ததும் வீட்டையே பிரித்துக் கட்டுவதற்கு ஒப்பானது இது!

இதனைக் காண்பது எளிதன்று. சாதாரண காற்றில் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குக்குள் சுத்தமான மேற்பரப்பு முழுவதிலும் வாயு வந்து மோதிவிடும். ஆகவே காற்றழுத்தத்தைப் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கிலும் குறைத்த வெற்றிடம் வேண்டும். பார்க்கும் கண் இலத்திரன் கற்றை. 1927இல் டேவிசனும் ஜேர்மரும் நிக்கல் பளிங்கில் இலத்திரன்கள் அலைபோலச் சிதறுவதைக் கண்டார்கள். அதற்கு வழிவகுத்தது 1925இல் நடந்த ஒரு விபத்து: குழாய்க்குள் காற்றுப் புகுந்து நிக்கல் கெட்டது, அதைச் சுத்தமாக்கச் சூடாக்கியபோது சிறு பளிங்குகள் பெரிய பளிங்குகளாகிவிட்டன.

இனிப் பிளாற்றினத்துக்கு வருவோம். நம் தாய்மார் நேர்ப்புள்ளி வைத்தும் கோலம் போடுவார்கள், ஊடுபுள்ளி வைத்தும் போடுவார்கள். ஒரு குறித்த திசையில் வெட்டிய பிளாற்றினத்தில், உள் அடுக்குகள் நேர்ப்புள்ளிக் கோலம். சுத்தமான மேல் அடுக்கோ தானாகவே நெருங்கி ஊடுபுள்ளிக் கோலமாகிவிடுகிறது; அதில் அணுக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு அதன்மேல் போதிய அளவு படிந்தால், மேல் அடுக்கு நேர்ப்புள்ளிக்கே திரும்புகிறது. மிஞ்சிய அணுக்கள் வெளியே தள்ளப்பட்டுச் சிறு தீவுகளாய் நிற்கின்றன.

அதன் பின் நடப்பதுதான் வேடிக்கை. ஊடுபுள்ளியில் ஒட்சிசன் ஒட்டுவது மிக அரிது. நேர்ப்புள்ளியில் அது தாராளமாக ஒட்டும். ஒட்டியதும் நச்சு வாயுவோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். நச்சு வாயு தீர்ந்ததும் மேற்பரப்பு மீண்டும் ஊடுபுள்ளியாகிறது. ஒட்சிசனுக்குக் கதவு அடைபடுகிறது. நச்சு வாயு மறுபடி சேர்கிறது. இப்படி வேகம் ஏறி இறங்கி, நாடித் துடிப்புப்போல நடப்பதை விளக்கியவர் ஜேர்மானியரான கெர்ஹார்ட் ஏர்ட்ல். 2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அவருக்கு இரசாயன நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்று அவருக்கு 71ஆவது பிறந்தநாள்!

நமக்கு இதனால் என்ன? பலாபத்வலச் சந்தியில் நின்று பாருங்கள். யாழ்ப்பாணம் நோக்கிப் போகும் வாகனங்களுக்குக் கணக்கில்லை. பெற்றோல் கார்களின் புகைக் குழாயில் பொருத்தும் ஊக்கிப் பெட்டிக்குள் பிளாற்றினம் போன்ற உலோகங்கள் நுண்துகள்களாக இருக்கின்றன. ஏர்ட்லின் வெற்றிடத்தைவிட அங்கு நிலைமை மிகக் கரடுமுரடானது. ஆயினும் நச்சு வாயு ஒட்சிசனோடு சேர்வது அதே வகையான மேற்பரப்பில்தான். 1995 ஏப்பிரலில் சென்னை உட்பட இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் புதிய பெற்றோல் கார்களுக்கு இப்பெட்டி கட்டாயமாயிற்று. கூடவே ஈயமில்லாப் பெற்றோலும் வேண்டியிருந்தது. ஈய அணு வந்து அமர்ந்தால் எழுந்து போகாது. பிறகு வருபவருக்கு இடமில்லை.

பிளாற்றினத்துக்கு விலையுண்டு என்று இப்பெட்டியைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் குழாயைப் பூட்டி ஓடுவோரும் உளர். வண்டி ஓடும், சத்தத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது அந்தக் குழாயின் உயரத்துக்குச் சற்று மேலேதான்.