அடைக்கோழியை என்ன செய்வது?



ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கோழி வளர்ப்பு புதிதல்ல. பிரட்டுக்குப் போகும் முன் கூட்டைத் திறந்துவிட்டால், பொழுது சாயும்போது அவையே வந்து அடையும். லயத்துப் பெண்களுக்குச் சம்பள நாள் வரும்வரை கைச்செலவுக்கு உதவியதும், தீபாவளிக்குக் குழம்பானதும் அடையில் பொரித்த குஞ்சுகள்தாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனாலும் வீட்டுப் பின்புறத்தில் நான்கைந்து நாட்டுக்கோழிகளை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. முட்டைக்கான அரசாங்க உதவித்தொகை 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி நின்றபின், அந்த நான்கைந்து கோழிகளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

இவர்களைக் குழப்புவது அடைக்கோழி. நேற்றுவரை முட்டையிட்ட கோழி இன்று கூட்டைவிட்டு எழ மறுக்கிறது. இறகைச் சிலிர்க்கிறது, கை நீட்டினால் கொத்துகிறது. இது நோயல்ல, சோம்பலும் அல்ல. உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுவதால் வரும் தாய்மைக் குணம். நம் காடுகளில் திரியும் காட்டுக்கோழி வழி வந்தது அது. பண்ணை முட்டைக்கோழிகளிடம் அதைக் காண்பது அரிது. அடைக்கு உட்காராதவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்துவிட்டார்கள்.

ஓரிரு நாளில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஒன்று, முட்டை வைத்து உட்கார வைப்பது. இல்லையேல் அடையைத் தெளிய வைப்பது. "கிடக்கட்டும், தானே எழுந்துவிடும்" என்று வெறுங்கூட்டில் விடுவதுதான் ஆபத்து. அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் இரைக்கு இறங்கும். வாரக்கணக்கில் இப்படிக் கிடந்தால் எடை குறைந்து, பேன் மொய்த்து, நல்ல கோழி வீணாகிவிடும்.

வைப்பதென்றால், சேவல் சேர்ந்த கோழியின் புது முட்டைகள் பத்துப் பன்னிரண்டு போதும். ஒரு வாரத்துக்கு மேற்பட்டவை வேண்டாம், கழுவவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில், இருட்டியபின் வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். மற்றக் கோழிகள் அதே கூட்டில் வந்து முட்டையிடும். கோடில்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் என்ன? 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். முதலில் வந்த குஞ்சு, வயிற்றில் மிஞ்சிய மஞ்சள்கருவை வைத்து இரண்டு நாள் தாங்கும். அதுவரை தாய் காத்திருக்கும். பிறகு குஞ்சுகளோடு இறங்கிவிடும். பிந்தி வந்த முட்டைக்குள் பாதி வளர்ந்த குஞ்சு அப்படியே குளிர்ந்து சாகும். கூமுட்டை என்று நாம் தூக்கி எறிபவற்றில் சில இப்படிப்பட்டவை.

இடிக்கு முட்டை கெடாதிருக்க இரும்புத் துண்டும் கரியும் வைப்பது பாட்டிமார் வழக்கம். இரும்பு இடியைத் தடுக்குமா என்று கேட்டால், இல்லை. வைத்தால் கெடுதலும் இல்லை. அதைவிட, கூட்டுக்கு அடியில் கொஞ்சம் விறகுச் சாம்பல் தூவுங்கள், பேன் குறையும். ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கில் பார்த்தால் நரம்பு ஓடியது தெரியும். தெரியாததை எடுத்துவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள்.

குஞ்சு வேண்டாதவர்கள் சிலர் கோழியைத் தண்ணீரில் முக்குகிறார்கள். மூக்கில் இறகைச் செருகுகிறார்கள். இது வதை, நேயர்களே, வைத்தியமல்ல. அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டில், வைக்கோல் இல்லாமல், வெளிச்சமும் காற்றும் படும்படி விட்டு, இரையும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். மார்பில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். சில வாரங்களில் மறுபடியும் முட்டையிடும்.

பொரித்த குஞ்சுகளை உடனே வெளியில் விட்டுவிடாதீர்கள். உடும்பும் மூசாங்கும் பருந்தும் தாமானிலும் உண்டு. இரண்டு வாரமாவது தாயோடு பஞ்சாரத்தில் அடையுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைப் பற்றி மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். நோய் வந்தபின் அதற்கு மருந்தில்லை.