செவிலியப் பட்டம்: சேர்வதும் தேறுவதும்

செவிலி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தில் தலைவியை ஈன்றவள் நற்றாய் எனவும், வளர்த்தவள் செவிலித்தாய் எனவும் வழங்கப்பெற்றனர். பெறாத மகளைப் பெற்றவளினும் கருத்தாகப் பேணியவளுக்குரிய அப்பெயரையே இன்று நாம் நோயாளிகளைப் பேணுவோர்க்குச் சூட்டியிருக்கின்றோம். திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றனோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்த்து, மருத்துவம் நாற்கூறு உடையது என வகுத்தார். ஏனைய மூன்றும் செம்மையாக அமைந்தும் நான்காவது குறைபடுமாயின் மருத்துவம் நிறைவுறாது என்பது அதனால் விளங்கும். அந்த நான்காம் கூறாக விளங்க விரும்பும் மாணவ மாணவியர் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பிற் சேர்வது எங்ஙனம், சேர்ந்தபின் தேறுவது எங்ஙனம் என்பதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

நம் நாட்டில் இத்தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் ஒரு கல்வெட்டுப் பொறிக்கப்பெற்றது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றை அது குறிக்கின்றது. அங்கே மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர் என்பவர்களோடு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்டிர் இருவருக்கும் ஊதியம் வகுத்திருந்தனர்.

பின்னாளில், 1860இல் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி கண்டார். 1871இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையிலும் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1909இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி ஏற்பட்டது. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் பட்டப் படிப்பே தொடங்கிற்று. பயிற்சிப் பள்ளிகளில் கற்றுவந்த ஒரு தொழில் பல்கலைக்கழகக் கல்வியாக உயர்ந்தது அவ்வாண்டில்தான்.

இவ்வளவு பெருமை இருந்தும், மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் எங்கள் கீழப்பழுவூரைப் போன்ற ஊர்களில் ஒரு பேச்சு ஆண்டுதோறும் எழுகின்றது. "டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, நர்சிங்கிலாவது சேர்த்துவிடுவோம்" என்பதே அப்பேச்சு. இதில் வரும் 'ஆவது' என்னும் இடைச்சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். சொல் சிறிது, அது விளைக்கும் தீங்கு பெரிது. மருத்துவப் படிப்பின் எச்சமாக இதனைக் கருதிச் சேரும் மாணவி, இழந்த ஒன்றை எண்ணியே முதலாண்டைக் கழிக்கின்றாள். அடிப்படைகள் யாவும் அந்த முதலாண்டில்தான் கற்பிக்கப்படுகின்றன. அவற்றை மனமின்றிக் கற்றவளுக்குப் பின்வரும் மூன்றாண்டுகளும் சுமையாகிவிடுகின்றன. மருத்துவர் நோயை ஆய்ந்து மருந்து வகுப்பவர். செவிலியர் இரவும் பகலும் நோயாளியின் பக்கத்திலிருந்து மாற்றங்களை முதலில் காண்பவர். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவருடைய மூச்சு மாறுவதை அறிந்து மருத்துவரை அழைப்பவர் அவரே. இவை இரண்டும் வெவ்வேறு அறிவுத்துறைகள். ஒன்றன் குறை மற்றொன்றன்று.

இனிச் சேரும் முறையைக் காண்போம். இதற்கான முதற்படி பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் இல்லை. பதினொன்றாம் வகுப்பிற் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இருக்கின்றது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட விதிகளின்படி, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று குறைந்தது 45 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 40 விழுக்காடு போதும். சேரும் ஆண்டின் திசம்பர் 31இல் 17 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பெண்களுக்கு மட்டுமே உரிய படிப்பு இஃது என்று எண்ண வேண்டா, ஆடவரும் சேரலாம்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் இடங்களையும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழுவே கலந்தாய்வின் வழியாக நிரப்புகின்றது. மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசை வகுக்கப்படுகின்றது. விண்ணப்பம் இணையவழியே பெறப்படுகின்றது. விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டுக்குரிய விளக்கக் குறிப்பேட்டை ஒருமுறையேனும் முழுவதும் படித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தின் முதற்பட்டதாரி எனில் அதற்குரிய சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே பெற்று வைப்பது நன்று. மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழ் தாமதப்பட்டதால் இடம் தவறுவது வருந்தத்தக்கது.

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. சிறு நகரங்களில் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் 'நர்சிங்' சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் நிலையங்கள் பல உள. அச்சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்துகொள்ள இயலாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியர் ஆகார். ஆதலின், கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றதா, அல்லது உரிய அதிகாரம் பெற்ற வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததா என்பதையும், செவிலியர் கவுன்சிலின் ஏற்பு அதற்கு உண்டா என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்து மூலம் அறிந்துகொள்ளுங்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டும் பணம் அது. கட்டிடத்தின் பொலிவைக் கண்டு முடிவு செய்தல் தகாது.

பட்டப் படிப்பில் இடம் பெறாதார்க்கும் வழி அடைபடவில்லை. மூன்றாண்டு டிப்ளமாப் படிப்பை முடித்துப் பதிவு பெற்றவர், பின்னர் இரண்டாண்டு பயின்று பட்டம் பெறும் முறை உண்டு. சற்று நீண்ட வழியாயினும் அது நேரான வழியே.

பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்டது. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், உயிர்வேதியியல், உணவியல் ஆகியவற்றோடு செவிலியத்தின் அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன. இரண்டாமாண்டில் நுண்ணுயிரியலும் மருந்தியலும் வருகின்றன. குழந்தை நலம், மன நலம், சமுதாய நலம், மகப்பேறு என்பன அடுத்த பருவங்களில் இடம்பெறுகின்றன. எட்டாம் பருவம் முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிக்கே உரியது.

இக்கல்வியின் தனித்தன்மையை உணர்த்த விதி ஒன்றைச் சொல்கின்றேன். தேர்வெழுதுவதற்கு 80 விழுக்காடு வருகை போதும். ஆனால் பட்டம் வழங்கப்படுமுன் மருத்துவமனைப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு வருகை நிறைவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். தவறிய நாளைப் பின்னர் ஈடு செய்தே ஆக வேண்டும். ஏன் இத்துணைக் கண்டிப்பு? ஆசிரியப் பயிற்சியில், செய்து காட்டுதல், திரும்பச் செய்வித்தல் என்னும் முறையை நாங்கள் கற்றோம். கையால் ஆகும் திறன் காதால் கேட்டு வருவதன்று. எழுந்திருக்க இயலாத நோயாளியை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் தோன்றும். இதனை ஒரு வரியிற் படித்துவிடலாம். நோகாமற் புரட்டுவதற்கோ பலநாட் பழக்கம் வேண்டும்.

கணக்கு வாராது என்பதற்காக உயிரியலை நாடுவோர்க்கும் ஒரு சொல். மருத்துவர் 250 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்கின்றார். குப்பியில் 5 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் இருக்கின்றது. ஏற்ற வேண்டியது 2.5 மில்லிலிட்டர். புள்ளியை மறந்தால் 25 ஆகும்; பத்து மடங்கு மருந்து உடலிற் சென்றுவிடும். 500 மில்லிலிட்டர் நீர்மத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு எனில், நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 சொட்டு விழ வேண்டும். வகுப்பறையில் விகிதமும் தசமமும் வெறும் மதிப்பெண். வார்டில் அவை ஓர் உயிரின் கணக்கு.

தமிழ் வழியிற் பயின்றோர் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பு. மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து பிறந்தவை. ஆங்கிலேய மாணவருக்கும் அவை புதியனவே. 'ஐட்டிஸ்' என முடிந்தால் அழற்சி என்று பொருள். 'ஹெப்பட்டோ' கல்லீரல், 'ஆர்த்ரோ' மூட்டு. இவற்றை அறிந்தவுடன் ஹெப்பட்டைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்பன தாமே விளங்கிவிடும். பகுதி, விகுதி பிரித்துத் தமிழ் பயின்ற மாணவருக்கு இஃது அரிய செயலன்று. நாளைக்கு ஐந்து சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஓராண்டில் அச்சம் நீங்கும்.

தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு பெற வேண்டும். படிப்பை முடிக்க உச்ச அளவாக எட்டு ஆண்டுகள் வகுக்கப்பட்டுள்ளன. தவறிய பாடத்தை அடுத்த வாய்ப்பிலேயே முடித்துவிடுவதே அறிவுடைமை. பட்டம் பெற்றபின் தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலிற் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் அரசுப் பணி, தனியார் பணி, அயல்நாட்டுப் பணி, முதுகலைப் படிப்பு எனப் பல வாயில்கள் திறக்கும்.

2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரியும் கருவிகளும் வந்தமையால் மட்டும் நம் மக்களின் நோய் தீர்ந்துவிடாது. அருகிருந்து பேணும் கற்றறிந்த கைகள் வேண்டும். அக்கைகள் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைகளாக ஏன் இருத்தல் கூடாது? பெற்றோர்களே, இரவுப் பணி என்று தயங்காதீர்கள். உங்கள் வீட்டு நோயாளியின் இரவையும் எவர் மகளோதான் காக்கின்றாள். மாணவ மணிகளே, விண்ணப்பத்தை நிரப்புமுன் அந்த 'ஆவது' என்பதை மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள். விரும்பிச் சேருங்கள், நாள் தவறாது பழகுங்கள்.