கோட்டு வாங்கிக் கொடுத்தது யாருங்க?

நடுவர் அவர்களே, என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே!

'அகதியாக வந்தவரை வாழவைப்பது அரசாங்கத்தின் சட்டமா? அக்கம்பக்கத்து மனிதர்களா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் கனடா நாட்டைச் சொன்னார். பத்து நிமிஷமும் விசா, பெர்மிட், முத்திரை! ஐயா, முத்திரையைப் போர்த்திக்கிட்டா குளிர் தாங்குமா? (சிரிப்பு)

அதே கனடாவுக்கு வருகிறேன். 1975இல் வியட்நாம் போர் முடிந்தது. அதுக்கப்புறம் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மக்கள் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. 1979, 80 இரண்டே வருஷத்தில் அவர்களில் சுமார் 60,000 பேரைக் கனடா ஏற்றுக்கொண்டது. அதில் பாதிக்கு மேல் யார் பொறுப்பில் வந்தாங்க தெரியுமா? சாதாரணக் குடிமக்கள் பொறுப்பில்! ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். ஒரு தேவாலயம் போடலாம். 'இந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷம் நாங்கள் பொறுப்பு.' வீட்டு வாடகை, மளிகை, துணிமணி எல்லாம் அவங்க திரட்டின காசு.

"சட்டம் இடம் கொடுத்ததால்தானே கையெழுத்துப் போட்டாங்க?" என்று எதிரணி அம்மையார் கேட்கிறார். ஒத்துக்கிறேன் தாயே. 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம்தான் அந்த வாசலைத் திறந்தது. ஆனா அந்தச் சட்டம் என்ன சொல்லிச்சு? "ஐந்து மனுஷங்க முன்னால வாங்கய்யா" என்றுதானே சொல்லிச்சு! சட்டமே எங்க அணியில வந்து உட்கார்ந்துட்டுது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

பணத்தை விடுங்க. அது அரசாங்கமும் கொடுக்கும். வெயில் நாட்டிலிருந்து வந்த பொம்பளைக்கு, பனியில் எந்தச் செருப்பு வழுக்கும், எந்தக் கோட்டு காற்றைத் தடுக்கும் என்று எந்த அரசாணையில் எழுதியிருக்கு? கடைக்குக் கூட்டிப்போய், போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை ஒரு சீட்டு கொண்டுவரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டைப் பிடிச்சுக்கிட்டு எங்கே ஓடுவா? மந்திரி வீட்டுக்கா?

இன்னொன்றை நினைச்சுப் பாருங்க. பிள்ளைகள் புது மொழியைச் சீக்கிரம் பிடிச்சுக்கும். அதனால ஆஸ்பத்திரியில் அம்மாவின் நோயை டாக்டருக்குச் சொல்வது பத்து வயசு மகன். பெற்ற மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் உடம்பின் வேதனையைச் சொல்வாள்? 'தலைவலி' என்று சொல்லிட்டுத் திரும்பி வந்துடுவா. அந்த மொழி தெரிந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துக் கூட அனுப்பினால்தான் உண்மை நோய் வெளியே வரும். அதைச் செய்ய மனசு வேணும், கொஞ்சம் நாசூக்கும் வேணும்.

உதவுகிறவங்க எல்லாரும் தெய்வம் என்று நான் சொல்ல வரலை. 'நாம வாங்கிக் கொடுத்த சோபாவை ஏன் மாத்தினாங்க, அதுக்குள்ள டி.வி. எதுக்கு' என்று கணக்குக் கேட்கிற ஆளும் உண்டு. எதிரணி இதைச் சொல்லியிருக்கணும், மறந்துட்டாங்க. நானே சொல்லிடறேன். (சிரிப்பு) சோறு போட்டுட்டு இலையைப் பார்த்துக்கிட்டே நின்னா, சாப்பிடறவனுக்கு எப்படி இறங்கும்?

1986இல் ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு நான்சென் பதக்கத்தைக் கொடுத்தது. யாருக்கு? கனடா நாட்டு மக்களுக்கு! பிரதமருக்கு இல்லீங்க.

அதே 1986, ஆகஸ்ட் மாதம். நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் நடுக்கடல், கண் தெரியாத மூடுபனி. இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர். அத்தனை பேரும் நம்ம இலங்கைத் தமிழர்கள். பார்த்தது கப்பற்படை இல்லை. மீன்பிடிக்கப் போன கஸ் டால்டன் என்ற மீனவர். "பெர்மிட் இருக்கா?" என்றா கேட்டார்? தன் படகில் ஏற்றினார், வயர்லெஸில் குரல் கொடுத்தார், மற்ற மீன்பிடிப் படகுகளும் வந்தன. பெர்மிட் பிறகு வந்தது. வந்ததே, அதற்கு நன்றி. ஆனால் வாங்கிக்கொள்ள அந்த 155 பேரும் உயிரோடு கரையில் இருந்தாங்க, ஐயா! (கைதட்டல்)

முப்பது வருஷம் கழித்து, 2016இல், அந்தப் படகில் இருந்த சிலர் நியூஃபவுண்ட்லாந்துக்குத் திரும்பிப் போனாங்க. குடியுரிமை அலுவலகத்தைப் பார்க்கவா? அந்த மீனவரைப் பார்க்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே.