வாயைத் திறந்து யோசி!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக் கொண்டிருக்கும் நண்பர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே!

பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி நேர்முகத் தேர்வில் ஜெயிக்க வைப்பது விடையா, விடையைத் தேடும் விதமா? தேடும் விதம்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன். ஏன்னா, நான் அடிபட்டவன்! (சிரிப்பு)

எங்க அப்பாவுக்கு சைக்கிள் கடை. எனக்குப் பெரிய கம்பெனியில் இருந்து அழைப்பு வந்தது. "அஞ்சு ரவுண்டு இருக்கும்மா"ன்னேன். எங்கம்மா பதறிப் போய், "வேலைக்குக் கூப்பிட்டாங்களா, குத்துச்சண்டைக்குக் கூப்பிட்டாங்களாடா?"ன்னு கேட்டாங்க. (பலத்த சிரிப்பு)

ஒரு ரவுண்டு 45 நிமிஷம். எதிரே ஒரு எஞ்சினியர். ஒரு கணக்கு கொடுப்பார். நாம புரோகிராம் எழுதணும். எனக்கு வந்த கேள்வி இது: பத்து லட்சம் எண்கள் ஏறு வரிசையில் இருக்கு. ஒரு எண்ணைத் தேடணும். இது சுலபம். அகராதியில் வார்த்தை தேடுற மாதிரி நடுவில் பிரி, எந்தப் பாதின்னு பார், மறுபடி பிரி. 20 தடவை பிரிச்சா கண்டுபிடிச்சிடலாம். ஆனா அவர் ஒரு குண்டு வச்சார். "அந்த வரிசையை எங்கேயோ வெட்டி, பின்பகுதியை முன்னால ஒட்டிட்டாங்க. வெட்டின இடம் தெரியாது. இப்பத் தேடு!"

நான் வாயை மூடிட்டேன். இருபது நிமிஷம் ஊமை! கடைசியில் பிடிச்சேன்: எங்கே பிரிச்சாலும் ரெண்டு பாதியில் ஒரு பாதி கண்டிப்பா ஒழுங்கா இருக்கும். நாம தேடுற எண் அதில் அடங்குமான்னு பார்த்தா போதும், இல்லேன்னா மற்ற பாதி. கடகடன்னு எழுதினேன். விடை சரி ஐயா, விடை சரி! ஆனால் வேலை இல்லை.

போனில் சொன்னாங்க: "விடை சரிதான். ஆனா நீங்க எப்படி யோசிச்சீங்கன்னு எங்களுக்குத் தெரியவே இல்லை."

அன்றைக்கு அப்பா கடையில் போய் உட்கார்ந்தேன். அவர் பஞ்சர் பார்த்துக் கொண்டிருந்தார். ட்யூபைத் தண்ணீரில் முக்கி, "இங்க இல்ல... இங்கயும் இல்ல... இதோ குமிழி!" என்று வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டே வேலை செய்தார். பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனி எதிர்பார்த்ததும் இதைத்தானே! (கைதட்டல்)

அடுத்த கம்பெனியில் வாயைத் திறந்தேன். "இந்த வழி மெதுவா இருக்கும் சார். வேற வழி யோசிக்கிறேன். பட்டியலே காலியா இருந்தா என்ன ஆகும்?" தெரியாததைத் தெரியாது என்றேன். அவர் ஒரு சின்னக் குறிப்பு கொடுத்தார், பிடித்துக் கொண்டேன். நேரம் முடிந்தபோது புரோகிராம் முடியவில்லை. ஆனால் வேலை கிடைத்தது!

எதிரணி நண்பர் சொன்னார், "புதிருக்கு டக்குன்னு பதில் சொன்னா வேலை நிச்சயம்"னு. நண்பரே, விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற புதிர்களால் பயனே இல்லை என்று, அப்போது கூகுளில் ஆட்கள் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே சொல்லிவிட்டார். நீங்க இன்னும் பந்து எண்ணிக்கிட்டு இருக்கீங்க! (சிரிப்பு)

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிரையன் ஆக்டன் என்பவர் 2009-ல் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அதே ஆண்டு வாட்ஸ்அப்பை ஆரம்பித்த இருவரில் ஒருவரானார். 2014-ல் அதை 1,900 கோடி டாலர் விலை பேசியது அதே ஃபேஸ்புக்! ஒரு 45 நிமிஷம் ஒரு மனுஷனை முழுசா அளந்துடாது.

உங்க பிள்ளை தோற்று வீட்டுக்கு வந்தால், "ஏன் கிடைக்கலே?"ன்னு கேட்காதீங்க. "என்னடா கேட்டாங்க? எப்படி யோசிச்சே?"ன்னு கேளுங்க. அவன் வாயைத் திறக்க வேண்டிய முதல் இடம் நம்ம வீடு!

(பலத்த கைதட்டல்)